ஏழு பல்லும் ஒரு விரிசலும்

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் டெக்சாஸ் போய் இறங்கினோம், நானும் வீட்டுக்காரியும். மகள் வீடு ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில். பேரனுக்குப் பத்து வயது. ஐந்து மாதம் இருந்துவிட்டுத் திரும்பினோம். அந்தப் பயணத்தைப் பற்றி ஏற்கெனவே இரண்டு பதிவு எழுதியாகிவிட்டது. பியர்லாந்து மீனாட்சி கோயில் பற்றி ஒன்று, கால்வெஸ்டன் கடற்கரை பற்றி ஒன்று. இந்த மூன்றாவதை மட்டும் எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் படிக்கும்போது தெரியும்.

மாப்பிள்ளை மதுரைக்காரர். கணினித் துறையில் வேலை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பல வருஷம் ஆகிறது. சாது. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு ரைஃபிள் இருக்கிறது. ஏ.ஆர்.-15 வகை. சனிக்கிழமை காலையில் அதைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு சுடும் பயிற்சி மைதானத்துக்குப் போவார். காகித இலக்கைச் சுட்டுவிட்டு, இட்லி சாப்பிடும் நேரத்துக்கு வந்துவிடுவார். நம் ஊரில் சிலர் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு காவிரிக்குப் போகிற மாதிரி.

எனக்கு அது பிடிக்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லை. 2022 மே 24 அன்று, அதே டெக்சாஸில், சான் அன்டோனியோவுக்கு மேற்கே யுவால்டி என்ற சின்ன ஊரில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் இதே வகைத் துப்பாக்கியோடு நுழைந்தான். 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். என் பேரன் வயதுப் பிள்ளைகள். திருச்சியில் டிவி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகும் மாப்பிள்ளை அந்த ரைஃபிளை வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது மகளிடம் போனில் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். அதிலிருந்து அவருக்கும் எனக்கும் நடுவில் மரியாதைக்குக் குறைவில்லை. பேச்சுத்தான் குறைந்து போயிருந்தது. "சாப்டீங்களா மாமா", "சாப்டேன் மாப்பிள்ளை" என்ற அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். முகம் சரியில்லை. பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அது சாதாரண அலமாரி இல்லை, தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி. பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் பையோடு சமையலறை மேஜைக்கு வந்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நீங்க கிராக் பாக்கற வேலைதானே செஞ்சீங்க? இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?"

புது வாசகர்களுக்காக ஒரு வரி. நான் துப்பாக்கி ஆள் இல்லை. விரிசல் ஆள். திருவெறும்பூர் பக்கம் பாய்லர் வேலை செய்யும் ஒரு ஆலையில் முப்பத்து நாலு வருஷம் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். வெல்டிங் இணைப்பு, வால்வு உடல், கிரேன் கொக்கி என்று எது வந்தாலும் அதில் விரிசல் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் பிழைப்பு.

கையை நீட்டிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டேன். "இதை நான் தொடலாமா?" என்றேன். விசிட்டர் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்பது அங்கே மத்திய அரசு சட்டம். வேட்டை லைசென்ஸ் போல ஒன்றிரண்டு விலக்கு உண்டு, அதெல்லாம் நமக்கு எதற்கு. வந்த அன்றே மாப்பிள்ளைதான் இதைச் சொல்லியிருந்தார். இப்போது அவர் சிரித்தார். "இது வெறும் உதிரிப் பாகம் மாமா. சீரியல் நம்பர் இருக்கற கீழ்ப்பாகம்தான் சட்டப்படி துப்பாக்கி. இதைத் தபால்லயே வாங்கலாம்."

பையைத் திறந்து கையில் கொட்டினேன். அதற்கு போல்ட் கேரியர் குரூப் என்று பெயர். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு உருளை. அதுதான் கேரியர். அதன் முன் வாயில் விரல் தடிமனில் ஒரு போல்ட். மேலே கேஸ் கீ என்கிற சின்னக் குழாய். உள்ளே ஃபயரிங் பின், கேம் பின். இவ்வளவுதான். யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் ஆர்மலைட் கம்பெனியில் 1950களில் யோசித்த ஏற்பாடு. அந்த உரிமையை 1959-ல் கோல்ட் கம்பெனி வாங்கியது. அமெரிக்க ராணுவத்தின் எம்.16-ம் இதே வயிற்றில் பிறந்ததுதான்.

வேலை செய்யும் விதம் அழகானது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். போல்ட்டின் தலையில் சுற்றிலும் ஏழு பற்கள். எட்டாவது பல் இருக்கவேண்டிய இடத்தில் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி உட்கார்ந்திருக்கிறது. போல்ட் முன்னே போய், கொஞ்சம் திரும்பி, குழலின் பின்பக்கத்தில் உள்ள பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். பிரஷர் குக்கர் மூடியைத் திருப்பி மாட்டுகிறோமே, அதேதான். தோட்டா வெடித்ததும், குழலில் இருந்து கொஞ்சம் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாகத் திரும்பி வந்து, கேஸ் கீ வழியாகக் கேரியருக்குள் புகுந்து, அதைப் பின்னே தள்ளும். கேரியர் பின்னே போகும்போது கேம் பின் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கும். கொக்கி காலித் தோட்டாவை இழுத்து வெளியே எறியும்.

பூட்டியிருக்கும் அந்த ஒரு கணத்தில் அழுத்தம் என்ன தெரியுமா? .223 தோட்டாவுக்கு அங்கே வகுத்திருக்கிற உச்ச வரம்பு 55,000 பி.எஸ்.ஐ. நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3,800 கிலோ. நான் ஆயுசு முழுக்க பயபக்தியோடு பார்த்த பாய்லர் டிரம் 150 கிலோவைச் சுற்றித்தான் வேலை செய்யும். பாய்லர் அதை வருஷக்கணக்கில் தாங்க வேண்டும். இது கண் சிமிட்டும் நேரத்துக்குள் தாங்கிவிட்டு விட்டுவிடும். ஆனாலும் அந்த உதை மாப்பிள்ளையின் கன்னத்துக்கு அரையடி பக்கத்தில் நடக்கிறது.

ஏழு பல்லில் ஒன்று இல்லை. கொக்கிக்கு அடுத்த பல். உடைந்த துண்டும் பையில் இருந்தது. காலித் தோட்டா மாட்டிக்கொண்டு துப்பாக்கி நின்றுபோனதால் திறந்து பார்த்திருக்கிறார்.

"இன்னிக்கு உடைஞ்சுபோச்சு மாமா," என்றார்.

பேரனின் ஸ்கூல் புராஜெக்ட் பூதக்கண்ணாடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உடைந்த முகத்தில் இரண்டு நிறம். முக்கால் பாகம் கறுத்து, மழமழவென்று, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடு மாதிரி மெல்லிய வளையங்களோடு இருந்தது. மீதி கால் பாகம் மட்டும் சொரசொரப்பாக, புது இரும்பின் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

"இன்னிக்கு உடைஞ்சது இந்தக் கால் பாகம்தான் மாப்பிள்ளை. மத்தது ரொம்ப நாளா உடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. புகை ஏறிக் கறுத்திருக்கு பாருங்க. நீங்க அதோடதான் சுட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போன மாசம் பையனைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பக்கத்துலதான் நின்னான்," என்றார்.

உள்ளே மகள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அன்று சாயங்காலமே என்னை ஒரு பெரிய ஹார்டுவேர் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே இல்லாததால் வெல்டிங் சாமான் கடை ஒன்றில் சிவப்புச் சாயம், துடைப்பான், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று ஸ்ப்ரே டப்பா வாங்கினோம். டை பெனட்ரன்ட் டெஸ்ட் என்பார்கள். போல்ட்டின் கரியைச் சுரண்டி, எண்ணெய் போகக் கழுவி, சிவப்பு அடித்துப் பத்து நிமிஷம் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளையை மெல்லியதாக அடிக்க வேண்டும். விரிசலுக்குள் போன சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசியும். பாஸ்பேட் பூச்சு போட்ட இரும்பு சாயத்தைக் கொஞ்சம் குடிக்கும், அதனால் எல்லா இடமும் இளஞ்சிவப்பாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கேம் பின் போகிற துளையின் ஓரத்திலிருந்து ஒரு கோடு, நெல்மணி நீளத்துக்கு, சந்தேகமில்லாமல் எழுந்து வந்தது. அந்தத் துளை இருக்கும் இடம்தான் போல்ட்டில் மெலிந்த இடம். கொக்கிக்கு இரு பக்கமும் உள்ள பல்லும், இந்தத் துளையும்தான் இந்த போல்ட்டில் முதலில் விட்டுக்கொடுக்கும் இடங்கள் என்று மாப்பிள்ளையும் படித்திருந்தார்.

ஆக, பல் உடையாமல் இருந்திருந்தால் இன்னொரு நாள் போல்ட் இரண்டாகப் போயிருக்கும்.

இனி புதுசு வாங்க வேண்டும். இந்த இடத்தில்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். ஒரு வாரம் பேசினோம். கல்யாணம் ஆன பன்னிரண்டு வருஷத்தில் பேசாததெல்லாம் சேர்த்து.

முதல் கேள்வி, போல்ட் மட்டும் மாற்றுவதா, குரூப்பையே மாற்றுவதா. கேரியர் நன்றாக இருந்தால் போல்ட் மட்டும் போதும். ஆனால் அவருடைய பழைய கேரியரில் கேஸ் கீயைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளும் லேசாகத் தளர்ந்திருந்தன. கீயின் அடியில் வாயு கசிந்த கறுப்புத் தடம். அந்தத் திருகாணி சுழன்றுவிடாமல் இருக்க, கீயின் இரும்பை உளி வைத்துத் திருகாணித் தலைக்குள் நசுக்கி விடுவார்கள். ஸ்டேக்கிங் என்று பெயர். பழையதில் அது பேருக்கு ஒரு கீறல்தான் இருந்தது. தள்ளுபடியில் வாங்கியதாம். முழுசாக மாற்றுவது என்று முடிவானது.

மாப்பிள்ளை லேப்டாப்பில் மூன்று சரக்கைக் காட்டினார். கம்பெனிப் பெயர் சொல்லமாட்டேன், விளம்பரமாகப் போய்விடும்.

ஒன்று, தங்க நிறத்தில் மின்னுகிற பூச்சு. நூறு டாலருக்குக் கீழே. பக்கத்தில் "மில் ஸ்பெக்" என்று பெரிய எழுத்து. ராணுவத் தரம் என்று அர்த்தம். எது ராணுவத் தரம், இரும்பா, அளவா, சோதனையா என்று எங்கேயும் எழுதவில்லை. இரண்டாவது, எடை குறைத்த கேரியர். விலை முதலாவதைப் போல மூன்று மடங்கு. போட்டியில் வேகமாகச் சுடுகிறவர்களுக்கானது. எடை குறைந்தால் கேரியர் வேகமாக ஓடும், அதற்கேற்ற மாதிரி வாயுவைக் குறைத்து வைக்கத் தெரிய வேண்டும். மூன்றாவது, ஒரு அழகும் இல்லாத கறுப்பு. பாஸ்பேட் பூச்சு. விலை நடுவில்.

மாப்பிள்ளையின் கண் முதலாவதன் மேல். துடைக்கச் சுலபம், கரி ஒட்டாது என்றார். உண்மைதான். நிக்கல் கலந்த பூச்சோ, நைட்ரைடோ, நன்றாகச் செய்தால் நல்ல பூச்சுதான். ஆனால் பூச்சு விரிசலைத் தடுக்காது. எங்கள் ஆலையில் பெயின்ட் அடித்து வருகிற சாமானைப் பார்த்தால் என் மேலதிகாரி முதலில் பெயின்டைச் சுரண்டச் சொல்வார். மூன்றாவது சரக்கின் பக்கத்தில் நான்கு விஷயம் எழுதியிருந்தார்கள். நான் கேட்க நினைத்த நான்கும் அவைதான்.

முதலில் இரும்பு. போல்ட்டுக்குக் கார்ப்பென்டர் 158 என்ற எஃகு. ராணுவ வரைபடம் கேட்பது இதைத்தான். 9310 என்ற எஃகிலும் செய்கிறார்கள், சூட்டுப் பதம் ஒழுங்காகக் கொடுத்தால் அதுவும் நல்லதே. இரண்டும் மேல்தோல் மட்டும் கடினமாகவும் உள்ளே வளைந்து கொடுப்பதாகவும் ஆக்கக்கூடிய வகை. அரிவாளின் வாய் கெட்டியாகவும் முதுகு கொஞ்சம் இளகியும் இருந்தால்தான் வெட்டும்போது உடையாமல் இருக்கும் என்று எங்கள் ஊர்க் கொல்லர் சொல்வார், அதே தத்துவம். முழுசும் கடினமானால் கண்ணாடி மாதிரி உடையும். கேரியருக்கு 8620 என்ற எஃகு, உள்ளே குரோம் பூச்சு.

இரண்டாவது, ஷாட் பீனிங். சின்னச் சின்ன உருண்டைகளைப் போல்ட்டின் மேல் வேகமாக அடித்து மேல்தோலை இறுக்குவது. இறுகிய தோலில் விரிசல் பிறப்பது கடினம்.

மூன்றாவது, அழுத்தச் சோதனை. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் உள்ள ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பது. சில கம்பெனிகள் இதைச் செய்வதில்லை, அந்த ஒரு அடியே போல்ட்டின் ஆயுளைக் கொஞ்சம் தின்றுவிடும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

நான்காவதைப் படித்ததும் எனக்கு ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. எம்.பி.ஐ. மேக்னடிக் பார்ட்டிகிள் சோதனை. இரும்பைக் காந்தமாக்கி, மினுங்குகிற இரும்புத் தூள் கலந்த திரவத்தை ஊற்றி, இருட்டறையில் புற ஊதா விளக்கில் பார்ப்பது. விரிசல் இருந்தால் அங்கே காந்தப் புலம் கசிந்து தூளை இழுக்கும். பச்சைக் கோடாக ஜொலிக்கும். அழுத்தச் சோதனை முடிந்த பிறகு இதைச் செய்ய வேண்டும், முன்னால் செய்து பிரயோசனமில்லை. தேறிய போல்ட்டில் எம்.பி. என்று பொறிப்பது வழக்கம்.

"சரி மாமா, மூணாவதே வாங்கிடலாம்," என்றார்.

"இருங்க. ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு போல்ட்டையும் பாக்கறாங்களா, நூத்துல அஞ்சை எடுத்துப் பாக்கறாங்களா?"

இரண்டுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். மாதிரிச் சோதனை கம்பெனிக்கு நூறு போல்ட்டைப் பற்றிச் சொல்லும். உங்கள் கையில் இருக்கிற ஒரு போல்ட்டைப் பற்றிச் சொல்லாது. மாப்பிள்ளை முதல் கம்பெனிக்கும் மூன்றாவது கம்பெனிக்கும் ஒரே கேள்வியை அனுப்பினார். முதலாவதிலிருந்து வந்த பதில்: எங்கள் தயாரிப்புகள் அனைத்தும் உயர்ந்த தரம் வாய்ந்தவை. மூன்றாவதிலிருந்து இரண்டு நாள் கழித்து இரண்டே வரி: ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனியாகச் சுட்டு, அதன் பின் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. இரும்பின் பெயரையும் கேட்காமலே எழுதியிருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். காய்கறிக்கும் இதுதான் சட்டம்.

ஆர்டர் போட்ட அன்று ராத்திரி, எல்லாரும் தூங்கிய பிறகு, நாங்கள் இருவரும் பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவர்தான் கேட்டார்.

"மாமா, உங்களுக்கு இது பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் இவ்வளவு மெனக்கெடறீங்க?"

பிடிக்காத சாமான் என்பதால் பார்க்காமல் விட முடியாது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். எதனாலோ உண்மையைச் சொன்னேன். அதுவரை வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாதது.

1989. தீபாவளிக்கு முந்தின வாரம். ஒரு கிரேன் கொக்கி வருஷாந்திரப் பரிசோதனைக்கு வந்தது. கையில் பிடிக்கிற காந்தக் கருவி ஒன்று உண்டு, இரண்டு கால் இருக்கும், யோக் என்போம். அதை ஒரு திசையில் வைத்துப் பார்த்தால், காந்தப் புலத்துக்குக் குறுக்கே உள்ள விரிசல்தான் தெரியும். அதன் போக்கிலேயே ஓடும் விரிசல் தெரியாது. ஆகவே எதையும் இரண்டு திசையில், ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துப் பார்க்க வேண்டும். இது பாடத்தில் முதல் பக்கம். கொக்கியின் உள் வளைவில் நீளவாக்கில் யோக் சரியாக உட்காராது. காலை மடக்கி, வளைத்து, மெனக்கெட வேண்டும். சாயங்காலம் ஐந்தரை. போனஸ் வந்திருந்தது. வீட்டுக்காரி சாரதாஸ் போக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். குறுக்குவாக்கில் மட்டும் பார்த்தேன். ரிப்போர்ட்டில் "இரு திசை, குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரத்தில் கொக்கி உடைந்தது. தொங்கிக்கொண்டிருந்த குழாய்க் கட்டு ஒரு ஹெல்பரின் வலது பாதத்தில் விழுந்தது. பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வயது அவருக்கு.

விசாரணையில் அளவுக்கு மீறிய பாரம் என்று முடிவானது. பாரமும் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. உடைந்த கொக்கியை நான் போய்ப் பார்த்தேன். உள் வளைவில் முக்கால் பாகம் கறுப்பு, கால் பாகம் வெள்ளை. நீங்கள் கொண்டுவந்து கொட்டினீர்களே, அதே முகம்.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "காப்பி போடட்டுமா மாமா?" என்றார். ராத்திரி பதினொன்றரைக்கு இருவரும் காப்பி குடித்தோம்.

புது குரூப் ஒரு வாரத்தில் தபாலில் வந்தது. மேஜை மேல் பேப்பர் விரித்து, வரிசையாகப் பார்த்தோம். போல்ட்டில் எம்.பி. முத்திரை இருந்தது. கேஸ் கீயின் திருகாணிகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடத்தில் இரும்பு நன்றாக நசுங்கி உள்ளே இறங்கியிருந்தது. கீ ஆடவில்லை. எக்ஸ்ட்ராக்டர் கொக்கியை விரலால் அழுத்தினால் விறைப்பாக எதிர்த்தது, ஸ்பிரிங்குக்குள் கறுப்பு ரப்பர்த் துண்டும் இருந்தது. கேஸ் ரிங் மூன்றுக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. போல்ட்டை முழுசாக வெளியே இழுத்துவிட்டு, போல்ட் முகம் கீழே இருக்கும்படி முழு குரூப்பையும் மேஜையில் நிறுத்த வேண்டும். கேரியர் தன் பாரத்திலேயே சரிந்து இறங்கினால் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இது சிப்பாய் மாதிரி நின்றது. கேம் பின் துளையின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சுத்தம்.

கழற்றிப் பூட்டும்போது ஒரு எச்சரிக்கையை அவரே சொன்னார். கேம் பின்னை மாட்ட மறந்துவிட்டால் போல்ட் திரும்பிப் பூட்டாது, ஆனால் தோட்டா வெடித்துவிடக்கூடும். அது கையெறி குண்டு வைத்திருப்பதற்குச் சமம். ஆகவே பூட்டிய பிறகு போல்ட்டை இழுத்து, தள்ளி, அது திரும்புகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பாராம். அதைக் கேட்டதும் மனசுக்குச் சமாதானமாக இருந்தது. பயம் இருக்கிறவன் கையில்தான் எந்தச் சாமானும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று பாக்கி. புது போல்ட்டும் பழைய குழலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். போல்ட் பூட்டியபின் அதன் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். அதிகமானால் பித்தளைக் கூடு கிழியும். குறைந்தால் போல்ட் பூட்டாது. இதற்கு "கோ", "நோ கோ" என்று இரண்டு அளவுகோல். முதலாவதில் போல்ட் பூட்ட வேண்டும், இரண்டாவதில் பூட்டக்கூடாது. எங்கள் பட்டறை பிளக் கேஜ் அதே இனம், அதே பெயர். இதை நாமே செய்ய வேண்டாம், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள் என்று பிடிவாதமாகச் சொன்னேன். தான் செய்ததைத் தானே சோதிப்பவன் எப்போதும் தேறிவிடுவான். மெக்கானிக் உடைந்த பல்லால் குழலின் பின்பக்கப் பற்களுக்குச் சேதம் இல்லை என்றும் பார்த்துச் சொன்னார். கோ-வில் பூட்டியது, நோ கோ-வில் பூட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை தனியாகத்தான் போனார். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவரே பையனை விட்டுவிட்டுப் போனார். பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது: "100 ரவுண்ட். ஏழு பல்லும் இருக்கு மாமா." கூடவே போட்டோ.

எனக்கு அந்தத் துப்பாக்கி இப்போதும் பிடிக்கவில்லை. அதையும் அவரிடம் நேராகச் சொன்னேன். "தெரியும் மாமா," என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் மறுபடி "சாப்டீங்களா"வுக்குத் திரும்பவில்லை.

இனி தள்ளிப்போட்ட விஷயம்.

திருச்சி வந்ததும் அந்த ஹெல்பரைத் தேடிப் போனேன். கஷ்டமே இல்லை. திருவெறும்பூர் பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு பெட்டிக் கடை வைத்திருக்கிறார் என்று எனக்கு எப்போதோ தெரியும். முப்பது வருஷமாக எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறேன், அவ்வளவுதான். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க சார்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். சொன்னேன். ஒரு திசைதான் பார்த்தேன், இரண்டு என்று எழுதினேன் என்று.

ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவருக்குப் பீடிக்கட்டு கொடுத்துச் சில்லறை எண்ணி வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "என் காலை விடுங்க சார். ஓவர்லோடுன்னு சொல்லி கிரேன் டிரைவரை மூணு மாசம் சஸ்பெண்ட் பண்ணாங்களே. அப்ப நீங்க சொல்லியிருக்கலாமே?"

இதை நான் டெக்சாஸில் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. மறந்து போய் இல்லை. கிரேன் டிரைவர் நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர் சாவுக்கு மாலையோடு போய் வந்தவன் நான்.

ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். கிரேன் டிரைவரின் மகன் துவாக்குடியில் இருப்பதாக அவரிடமே விசாரித்து வைத்திருக்கிறேன். இதை எழுதி முடித்த பிறகு போவது என்று முடிவு. முடித்தாயிற்று.

மாப்பிள்ளை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போல்ட்டைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் வைத்து, நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புகிறார். கேம் பின் துளையைத் தனியாகக் கிட்டத்தில் எடுக்கிறார். கொக்கியின் இரண்டு பக்கப் பல்லையும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் "சரி" என்று பதில் போடுகிறேன்.